ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினில் ஒரு கோடை, அந்த ஊர்க்காரர் வீட்டில் தங்கல்: சேலத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கல்லூரி முடித்த கையோடு ஒரு ஜூலை மாதம் முழுக்க ஸ்பெயினில் சலமான்கா என்ற ஊரில், ஒரு வீட்டில் தங்கி ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்தேன். எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டை. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. "அந்தப் பொண்ணு ஸ்பெயினுக்குப் போய்ட்டு வந்துச்சாம்" என்று தெரிந்ததிலிருந்து தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் போன் செய்கிறார்கள். கேள்விகள் அதேதான் வருகின்றன. சரி, ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஜெர்மன் படித்தால் வேலையாவது கிடைக்கும். ஸ்பானிஷ் எதுக்குங்க?

வேலைதான் குறி என்றால் ஜெர்மனே படியுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஸ்பெயினும் லத்தீன் அமெரிக்காவும் சேர்ந்து சுமார் 20 நாடுகளில் இது ஆட்சிமொழி, அதனால் வேலைக்கும் உதவும். ஆனால் எனக்கு அது காரணமில்லை. ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

கோடை விடுமுறையில் போய் வந்துவிடலாமா?

எந்தக் கோடை என்பதில்தான் சிக்கல். நமக்குக் கத்திரி வெயில் முடிந்து பள்ளி, கல்லூரி திறக்கும் நேரத்தில்தான் அங்கே கோடையே தொடங்குகிறது. கோடைக்கால வகுப்புகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். படிப்பு முடித்து வேலைக்குச் சேரும் தேதிக்குக் காத்திருப்பவர்களுக்கும், பிளஸ் டூ முடித்துக் கல்லூரி திறக்கக் காத்திருப்பவர்களுக்கும் தோதான இடைவெளி அது. நடுவில் படிப்பவர்கள் முதலில் கல்லூரியில் பேசிவிடுங்கள். ஜூலையா ஆகஸ்டா என்றால் ஜூலை. ஆகஸ்டில் அந்த ஊர்க்காரர்களே ஊரில் இருக்கமாட்டார்கள். பாதிக் கடைகளில் ‘விடுமுறை’ என்று எழுதி ஒட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

மாட்ரிட், பார்சிலோனா இருக்கும்போது ஏன் சலமான்கா?

சேலம், சலமான்கா என்று பெயர் காதுக்கு ஒட்டியது ஒரு காரணம் என்றால் சிரிப்பீர்கள். உண்மைக் காரணம் வேறு. அங்குள்ள பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது. ஸ்பெயினில் இன்றும் இயங்குவதில் அதுதான் மிகப் பழையது. வெளிநாட்டு மாணவர்கள் மொழி படிக்க வருவது அந்த ஊருக்குப் புதிதல்ல, மாணவர்களைத் தங்கவைத்துப் பழகிய குடும்பங்கள் நிறைய. வீட்டிலிருந்து வகுப்புக்கு நடந்தே போகலாம், ஐந்து ரோட்டிலிருந்து புதிய பஸ் நிலையம் போகிற மாதிரி. பார்சிலோனாவில் ஸ்பானிஷோடு கத்தலானும் ஆட்சிமொழி. தெருப் பலகையில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று ஆரம்பத்தில் குழம்பும். மாட்ரிட் நல்ல ஊர்தான், ஆனால் பெரிய ஊர். கடையில் நாம் திணறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். சலமான்காவில் எனக்கு மருந்துக்கடைக்காரம்மா ஒரு சொல் ஆங்கிலம் பேசவில்லை. பெரிய உபகாரம்.

விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்?

90 நாளுக்குள் படித்துத் திரும்புவதாக இருந்தால் ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா போதும். அதைத் தாண்டினால் மாணவர் விசா, அது தனிக் கதை. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது கூடாது. சென்னையில் விசா விண்ணப்பங்களை வாங்கும் பி.எல்.எஸ். மையத்துக்கு நேரில் போய் விரல்ரேகை கொடுக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. ஜூலைப் பயணத்துக்கு மார்ச்சிலேயே காகிதங்களைச் சேருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா போகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள், நேரம் கிடைப்பதே பெரும்பாடு.

தேவையானவை: மொழிப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம், தங்கும் வீட்டுக்கான கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, போக வர டிக்கெட் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், செலவை ஏற்பவரின் வருமான வரிக் கணக்கு. பாஸ்போர்ட் நாம் திரும்பும் தேதிக்கு அப்புறம் 3 மாதமாவது செல்ல வேண்டும். அப்பா சம்பளக்காரர் என்றால் காகிதம் எளிது. பட்டறை, கடை, மண்டி வைத்திருப்பவர்கள் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றையும் வையுங்கள். விசா கேட்பதற்கு முந்தின வாரம் திடீரென்று ஒரு பெரிய தொகையைக் கணக்கில் போடுவது நம் ஊர்ப் பழக்கம். அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், அதற்கு மேல் இரண்டு குடும்பப் பெயர்கள்: ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. நமக்கோ ஒரு பெயர், ஓர் எழுத்து. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தது. முதல் நாள் வருகைப் பதிவில் ஆசிரியை அப்பாவின் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், நான் யாரோ என்று சும்மா உட்கார்ந்திருக்கிறேன். குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே மாட்டுகிறார்கள். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட், காப்பீடு, சேர்க்கைக் கடிதம் மூன்றிலும் இருக்கட்டும். மாற்ற வேண்டுமானால் விசாவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

போவதற்கு முன் எவ்வளவு ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும்?

ஒன்றும் தெரியாமலும் சேர்த்துக்கொள்வார்கள். முதல் நாள் ஒரு தேர்வு வைத்து வகுப்பு பிரிப்பார்கள். ஆனால் வெறுங்கையோடு போனால் முதல் இரண்டு வாரம் எண்ணும் எழுத்தும் படிப்பதிலேயே போய்விடும். அதை இங்கேயே, ஏற்காடு அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம். அதற்கு விமானம் எதற்கு? 4 மாதம், தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வான்டெஸ் டெல்லியில் இருக்கிறது. தெலே என்ற தேர்வுச் சான்றிதழ் அவர்களுடையது. அதன் முதல் படியான ஏ1 பாடத்திட்டத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் எதைப் படிப்பது, எதை விடுவது என்று தெரியும்.

ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். நான், நாம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம், வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். தமிழிலும் அதேதானே? ‘மே கூஸ்தா எல் காஃபே’ என்பதை ஆங்கிலத்துக்கு மாற்றி மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ‘எனக்குக் காபி பிடிக்கும்’, தீர்ந்தது. ‘மே துவேலே லா கபேத்தா’, எனக்குத் தலை வலிக்கிறது. என் வகுப்பில் இருந்த அமெரிக்கப் பையன் இந்த ‘எனக்கு’வோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினான். எனக்கு மூன்று நிமிஷம் ஆகவில்லை.

உச்சரிப்பிலும் நமக்குக் கொடுப்பினை உண்டு. அவர்களுடைய ‘ஞ’ நம் ஞ-தான். ‘மஞானா’ என்றால் நாளை. ரகர றகர வேறுபாடு நாம் பேச்சில் தொலைத்தது, அங்கே உயிரோடு இருக்கிறது. ‘பேரோ’ என்றால் ஆனால். ‘பேறோ’ என்று நாக்கை உருட்டினால் நாய். தமிழ் ஐயா ‘கரி வேறு, கறி வேறு’ என்று தலையில் குட்டியது இங்கே பலித்தது.

நமக்குக் கஷ்டம் பால் வேறுபாடு. மேசை பெண், புத்தகம் ஆண். அஃறிணையில் ஆணும் பெண்ணும் எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. பெயரைப் படிக்கும்போதே அதன் முன்னால் வரும் ‘எல்’ (ஆண்), ‘லா’ (பெண்) இரண்டில் ஒன்றோடு சேர்த்து மனப்பாடம் செய்வதுதான் வழி. அப்புறம், ஆங்கிலத்தைப் போலவே ஒலிக்கும் சொற்களை நம்பாதீர்கள். வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து ஆங்கிலச் சொல்லை வளைத்து ‘எம்பராசாதா’ என்று சொல்லிவைத்தேன். அதற்கு அர்த்தம் கர்ப்பிணி. அந்த வீட்டு அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வீட்டில் நாம் விருந்தாளியா, வாடகைக்கு இருப்பவரா?

இரண்டும். பணம் கொடுத்துத்தான் தங்குகிறோம், அதில் ஒளிவுமறைவு இல்லை. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு என்று இரு வகை உண்டு. மூன்று வேளையையே எடுங்கள். காரணம் கீழே வருகிறது. சின்னச் சின்ன விஷயங்களில்தான் மனஸ்தாபம் வரும். வெறுங்காலோடு வீட்டில் நடந்தால் முகம் சுளிப்பார்கள்; நமக்குச் செருப்போடு உள்ளே போவது ஆகாது, அவர்களுக்கு வெறுங்கால் ஆகாது. வீட்டுக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு எடுத்துப் போனால் இரு தரப்புக்கும் நிம்மதி. குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. முதல் நாள் நான் நம் வீட்டு நினைப்பில் குளித்து, தண்ணீர் கதவுக்கு வெளியே நடைவரைக்கும் வந்துவிட்டது. தொட்டிக்குள்ளேயே நின்று, திரையை உள்பக்கம் விட்டு, ஐந்து நிமிஷத்தில் முடிக்க வேண்டும். கழிவறையில் குழாய் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் குவளை பெட்டியில் இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. துணி துவைப்பது வாரத்துக்கு ஒரு முறை. மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான், இரண்டு முள் சார்ஜர் நேராகவே பொருந்தும். மூன்று முள் என்றால் அடாப்டர் வேண்டும்.

இன்னொன்று. அறைக்குள் போனதும் பயம் குறையும். மேசை அங்கே ‘மேசா’. அலமாரி ‘அர்மாரியோ’. துவாலை ‘தோவாயா’. போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்த சொற்கள்; ஸ்பானிஷ் அதற்குப் பக்கத்து வீட்டு மொழி. முதல் இரவு அறையில் இருந்த பாதிப் பொருளுக்குப் பெயர் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் வார்த்தையை எண்ணிச் சொல்ல வேண்டும். ‘கார்னே’ என்றால் இறைச்சி என்று படித்துவிட்டு, ‘கார்னே சாப்பிடமாட்டேன்’ என்று மட்டும் சொன்னால், கோழியும் மீனும் பன்றித்தொடையும் தட்டில் வரும். அவர்கள் ஏமாற்றவில்லை, பலருக்கு அந்தச் சொல் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியோடு நின்றுவிடுகிறது. முழு வாக்கியம் இது: ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்’. இறைச்சியும் இல்லை, கோழியும் இல்லை, மீனும் இல்லை, ஹமோன் என்ற பன்றித்தொடையும் இல்லை. பருப்புக் குழம்பு என்று மகிழ்ந்து உட்கார்ந்தால் அடியில் சோரிசோ என்ற பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், ஆகவே ‘குழம்பிலும் வேண்டாம்’ என்பதையும் சேருங்கள். சலமான்கா பக்கம் கிஹுவேலோ என்ற ஊர் ஹமோனுக்குப் பேர்போனது. அங்கே போய் ஹமோன் வேண்டாம் என்பது ஏறக்குறைய சேலத்துக்கு வந்து மாம்பழம் வேண்டாம் என்பது மாதிரி. பரிதாபமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

முட்டை சாப்பிடுவீர்களா என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். சாப்பிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது: உருளைக்கிழங்கு போட்ட தடிமனான முட்டை ‘தோர்தீயா’ வாரம் இரண்டு முறையாவது வரும். இல்லையென்றால் கொண்டைக்கடலை, தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டி, குளிர்ந்த தக்காளி சூப்பான கஸ்பாச்சோ, காய்களை வதக்கிச் செய்யும் பிஸ்தோ. ‘அரோஸ் கோன் லெச்சே’ என்று ஓர் இனிப்பு, நம் பால் பாயசத்தின் அக்கா, பட்டை மணத்தோடு. காரம் என்ற பேச்சே கிடையாது. பருப்புப் பொடி ஒரு பொட்டலம் எடுத்துப் போனேன், இரண்டாம் வாரம் காலி.

சாப்பாட்டு நேரம் ரொம்ப லேட்டாமே?

மதியம் 2 மணிக்கு மேல், சில நாள் 3. இரவு 9:30, 10. ஜூலையில் சலமான்காவில் சூரியன் மறைவதே 9:45 வாக்கில், அதனால் அவர்களுக்கு அது இரவு என்றே தோன்றாது. காலையில் ஒரு காபி, ஒரு துண்டு ரொட்டி மட்டும்தான். மூன்று இட்லி பழக்கத்தில் இருக்கிற வயிறு 11 மணிக்கே கத்தும். பையில் கடலை மிட்டாய் வையுங்கள்.

நேரத்தைவிட முக்கியம், சாப்பிட்டு முடித்த பிறகு நடப்பது. முதல் நாள் மதியம் தட்டைக் காலி செய்ததும் கை கழுவ எழுந்துவிட்டேன். நம் வீட்டில் எச்சில் கையோடு யார் உட்கார்ந்திருப்பார்கள்? மேசையில் சட்டென்று பேச்சு நின்றது. அந்த அம்மா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டார். அவர்களுக்கு அப்போதுதான் சாப்பாடு தொடங்குகிறது என்றே சொல்லலாம். தட்டுகளைத் தள்ளிவைத்து, தர்பூசணியை வெட்டி, காபி போட்டு, ஒரு மணி நேரம் பேச்சு. அதற்குப் பெயரே இருக்கிறது, ‘சோப்ரேமேசா’. பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்தும் லட்சணம், தக்காளி விலை, மருமகள், தேர்தல், எல்லாம். முதல் வாரம் பத்தில் ஒரு சொல் புரிந்தது. மூன்றாம் வாரம் மருமகள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் படித்தது இலக்கணம். பேசக் கற்றது அந்த மேசையில். மூன்று வேளைச் சாப்பாட்டோடு எடுங்கள் என்று சொன்னது இதனால்தான். வெளியே சாண்ட்விச் வாங்கித் தின்று பணம் மிச்சம் பிடிப்பவர்கள் இதைத்தான் தொலைக்கிறார்கள்.

இந்த மேசைக்கென்றே இங்கிருந்து தயாராகலாம். நம் ஊர், வீடு, அப்பா தொழில், கல்யாணம் எப்படி நடக்கும் என்று ஐந்தாறு விஷயங்களை ஸ்பானிஷில் எழுதி, கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். நிச்சயம் கேட்பார்கள். இரண்டு கையும் மேசைமேல் தெரிய வேண்டும். இடக்கையை மடியில் ஒளித்துவைக்கும் நம் பழக்கம் அங்கே விசித்திரம். தலையை ஆட்டாமல் வாயால் ‘ஸீ’, ‘நோ’ சொல்லுங்கள். இன்னும் வேண்டுமா என்று கேட்டதற்கு நம் பாணியில் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தேன், வேண்டாம் என்று நினைத்து அந்த அம்மா பாத்திரத்தை எடுத்துப் போய்விட்டார். மற்ற நேரமெல்லாம் ‘கோமே, கோமே’தான். சாப்பிடு, சாப்பிடு. அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

பெரியவர்களை எப்படி அழைப்பது?

நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கும் உண்டு: ‘தூ’, ‘உஸ்தேத்’. நாம் இயல்பாகவே மரியாதைப் பக்கம் சாய்வோம். ஆனால் ஸ்பெயினில் வீட்டுக்குள் எல்லாருக்கும் ‘தூ’தான். அறுபது வயது அம்மாவை நீ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, ஒரு வாரம் ‘உஸ்தேத்’ போட்டேன். கடைசியில், "நான் அவ்வளவு கிழவியா?" என்று கேட்டுவிட்டார். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் கணக்கு வேறு. அங்கே போகிறவர்கள் ‘உஸ்தேத்’திலேயே தொடங்குவது நல்லது.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

என் அம்மா கேட்ட முதல் கேள்வி. அனுப்பினார்கள், திரும்பி வந்துவிட்டேன். சலமான்காவில் இரவு 11 மணிக்குப் பாட்டிகள் குழந்தை வண்டியோடு பெரிய சதுக்கத்தில் உலாத்துவார்கள். ஜாக்கிரதை வேண்டியது மாட்ரிட் மெட்ரோவில், பிக்பாக்கெட்டுக்கு. அவசர எண் 112. அறிமுகத்தின்போது இரு கன்னத்திலும் கன்னம் வைத்து முத்தமிடுவது வழக்கம், அதில் ஒன்றும் உள்ளர்த்தம் இல்லை. கூச்சமாக இருந்தால் முந்திக்கொண்டு கையை நீட்டிவிடுங்கள், யாரும் தப்பாக எடுப்பதில்லை. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இரவுச் சாப்பாடு நடக்கும்போது இங்கே மணி 1. அந்த நேரம் போன் செய்து "சாப்ட்டியா?" என்று கேட்டால், பிள்ளை மேசையிலிருந்து எழுந்து போக வேண்டியிருக்கும். சேலத்தில் இரவு 9 மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே மாலை 5:30.

அந்த வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது? மல்கோவா ஒரு பெட்டி?

மாம்பழம் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாவர நலச் சான்று இல்லாமல் கொண்டுபோக முடியாது, பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பால் பொருட்களுக்கும் தடை. நெய் பாட்டிலை வீட்டிலேயே விடுங்கள். ஏற்காட்டுக் காபித்தூள் தாராளமாகப் போகலாம். நான் ஒரு ஜோடி முத்துக் கொலுசு கொண்டுபோனேன், எங்கள் பட்டறையில் செய்தது. அந்த அம்மா கழுத்துக்கா கைக்கா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலுக்கு என்றதும் நாற்காலியில் உட்கார்ந்து கட்டச் சொன்னார். சமையலறையில் அடுப்புக்கும் பாத்திரத் தொட்டிக்குமாக நாலு நடை நடந்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். தூங்கும்போதுதான் கழற்றியதாகச் சொன்னார்.

துணிமணி?

பகலில் சேலம், இரவில் ஏற்காடு. அந்த ஊர் சுமார் 800 மீட்டர் உயரம். மதியம் வறுத்தெடுக்கும், இரவில் ஸ்வெட்டர் கேட்கும். வெயில் ஏறுமுன் ஜன்னல் மடக்குகளை இறக்கி வீட்டையே இருட்டாக்கிவிடுவார்கள். காற்று வரட்டும் என்று திறந்து திட்டு வாங்காதீர்கள். தெருவெல்லாம் கல் பாவியது, நல்ல ஷூ வேண்டும்.

எப்படிப் போய்ச் சேர்வது?

பெங்களூரு அல்லது சென்னையிலிருந்து துபாய், தோஹா போன்ற ஊர் ஒன்றில் மாறி மாட்ரிட். அங்கிருந்து சலமான்கா சுமார் 210 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம்.

வீடு ஒத்துவரவில்லை என்றால்?

மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே பள்ளியில் சொல்ல வேண்டும், அதற்கென்று ஒருவர் இருப்பார். என் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கிடைத்த வீட்டில் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். அவள் தனியாகச் சுடவைத்துத் தின்றாள். சங்கடப்பட்டுக்கொண்டு மூன்று வாரம் சொல்லவே இல்லை. நம் ஆட்களும் இப்படித்தான், "பரவால்லைங்க" என்றே காலத்தை ஓட்டுவோம்.

நானும் என் தோழியும் சேர்ந்து போகிறோம். ஒரே வீட்டில் இடம் கேட்கலாமா?

கேட்டால் கொடுப்பார்கள். கேட்காதீர்கள். இரவு 10 மணிக்குக் களைத்துப்போய் உட்காரும்போது பக்கத்தில் தமிழ் பேச ஆள் இருந்தால் ஸ்பானிஷ் வாயில் வராது. ஒரே ஊர், ஒரே பள்ளி, வேறு வேறு வீடு. ஞாயிற்றுக்கிழமை சந்தித்து இரண்டு வீட்டு மருமகள்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.